ஊசிக்கோடு பார்க்க ஒரு கண் கேட்டேன்

உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? என் கண் எப்படித் தெளிந்தது என்று தெரிந்துகொண்டு உங்களில் யார் என்ன செய்யப் போகிறீர்கள்? போன வருஷம் இதே பஜனை மடத்துக்கு நான் சுவரைத் தடவிக்கொண்டு வந்தபோது ஒருத்தியும் கேட்கவில்லை. குத்துவிளக்கு என்று நினைத்து டீச்சர் வீட்டுக்காரருடைய வழுக்கைத் தலையைப் பார்த்துக் கும்பிட்டபோது சிரிக்க மட்டும் எல்லாரும் இருந்தீர்கள். இப்போது சனிக்கிழமைப் பொங்கலைத் தின்ற கையைக்கூடக் கழுவாமல், பெருமாள் உனக்குப் பண்ணினதைச் சொல்லு, சொல்லு என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறீர்கள்.

சொல்கிறேன். ஆனால் நடுவில் யாரும் கோவிந்தா போடக் கூடாது. போட வேண்டிய இடம் வந்தால் நானே சொல்வேன். வருமா என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

நான் மூன்றாவது வரை படித்தவள். அதுவும் தெலுங்கில். அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் டீச்சர். என் பேச்சுக்குச் சட்டை போட்டு, தலை வாரி எழுதுவார். மற்றவர்கள் பேசியதை மட்டும் அப்படியே எழுது தாயே என்று கேட்டிருக்கிறேன். வழுக்கைத் தலையையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இடது கண் எட்டு வயதிலேயே போய்விட்டது. கரும்புத் தோட்டத்தில் தோகை கிழித்தது. மிச்சம் இருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் கல்யாணம் பண்ணினேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்தேன். இரண்டு கண் உள்ளவர்கள் பார்க்காததையெல்லாம் பார்த்தேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கண்ணும் விளையாட ஆரம்பித்தது. ஒரு விளக்கு ஏற்றினால் இரண்டு சுடர் தெரிந்தது. நிலாவுக்கு வால் முளைத்தது. எதிரே வருகிறவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய ஆவி போல இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வந்தார். தலையை வலது தோள் பக்கம் சாய்த்தால் கொஞ்சம் தெளியும். அதனால் எதைப் பார்த்தாலும் சாய்ந்தே பார்த்தேன். கோழி பார்ப்பது மாதிரி. தெருப் பிள்ளைகள் எனக்குக் கோழி ஆயா என்று பேர் வைத்தார்கள். நானும் இரண்டு முறை கொக்கரித்துக் காட்டினேன். அவ்வளவுதான், பேர் நிலைத்துவிட்டது.

இதெல்லாம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. கஷ்டம் ஊசியில் வந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நாயுடுபேட்டையிலிருந்து கல்கத்தா வரைக்கும் போய் வந்தவர். இப்போது சர்க்கரை வந்து, காலில் ஒரு விரலை எடுத்து, வீட்டோடு இருக்கிறார். தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் போட வேண்டும். இருபது கோடு. அவ்வளவு பெரிய லாரியை ஓட்டினவர் அந்த ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் மருந்தை இழுக்கிறதும் நான், போடுகிறதும் நான்.

அந்த ஊசியை நிமிர்த்திப் பிடித்தால் எனக்குக் கோடே தெரியாது. எல்லாக் கோடும் சேர்ந்து சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரே வெள்ளையாக இருக்கும். படுக்க வைத்து, தலையையும் சாய்த்தால் கோடு கோடாகப் பிரியும். இந்த வித்தையை நானே கண்டுபிடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கண் தெரியவில்லை என்று தெரிந்தால் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. காலையில் பக்கத்து வீட்டுக் கோமளா வாசற்படியில் நின்றுகொண்டு, தன் சம்பந்தியம்மாள் சீமந்தத்துக்கு வந்து பண்ணின கூத்தைச் சொன்னாள். நானும் விடவில்லை. சம்பந்தியம்மாள் நடப்பதைப் போல இடுப்பை ஆட்டி நடந்து காட்டினேன். கோமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மருந்தை இழுத்தேன். ஊசியைப் படுக்க வைக்க மறந்துவிட்டேன். போட்டுவிட்டேன்.

அவர் நான்கு இட்லி சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி உடம்பு. "வண்டிய ஓரங்கட்டு, ஓரங்கட்டு" என்று உளறினார். அப்புறம் கண் செருகியது. அவர் உதட்டுக்குள்ளே சர்க்கரையைத் தேய்த்தேன். ஆட்டோவில் போட்டுப் பிச்சாட்டூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குளுக்கோஸ் ஏறி, கண் திறந்து, அவர் என்னைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு மூச்சு இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

டாக்டர் கேட்டார். "எத்தினி போட்டீங்க?"

"இருபது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைச் சாய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். இரண்டு டாக்டர் தெரிந்தார்கள். இரண்டு பேருமே என்னை நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தெரு முழுக்கக் கூடிவிட்டது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் ஓடும். "சனிக்கெழம வெரதம்னு ஒண்ணும் துன்னாம கெடந்தாரு. மயக்கம் வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டேன். உடனே எல்லாரும் அவருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த வயதில் விரதம் எதற்கு, பெருமாள் கேட்டாரா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான்கு இட்லி சாப்பிட்ட மனுஷன் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றைக்கு அவர் வாயைத் திறந்து என்னைத் திட்டியிருந்தால், பதிலுக்கு நானும் இரண்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் என் மகன் சேகர் நாயுடுபேட்டையிலிருந்து வந்தான். அங்கே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தான்.

"அம்மா, மருந்து அதிகமா ஏறிகீதுன்னு டாக்டரு சொல்றாரு. வெரதம்னு நீ ஊருக்குச் சொல்லிகினு கீற."

"டாக்டருக்கு இன்னாடா தெரியும்? அவருக்கு மீசையே இன்னும் சரியா மொளைக்கல."

"சிரிக்க வெக்காத. இனிமே நைனா எங்கூட வந்துடட்டும். நீ சித்தூர்ல லட்சுமி வூட்டுக்குப் போயிடு. அவ கூட்டினு போறேன்னா."

லட்சுமி என் மகள். எங்களுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் போனில் பேசி எங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகம் பிரிக்கும்போது அண்டா ஒருத்தருக்கு, மூடி ஒருத்தருக்கு என்று கொடுப்பதைப் போல. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வீட்டிலும் இடம் இல்லை.

"என் கண்ணு நல்லாயிட்டா?" என்று கேட்டேன்.

"ஆகட்டும். அப்பால பாக்கலாம். அதுவரைக்கும் நைனா தெனம் ஆஸ்பத்திரில போய் ஊசி போட்டுக்கட்டும்" என்றான்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்றேன். எனக்கு ஸ்லோகம் தெரியாது. கேட்கத் தெரியும். "இத பாரு, முழுக்கண்ணு கேக்கல. அழகு பாக்க கேக்கல. அந்த ஊசில கீற கோடு தெரிஞ்சா போதும். இந்த ஆள எங்கிட்டருந்து பிரிக்காத. மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன். வெள்ளில கண்ணு வாங்கிப் போடறேன்" என்று சொன்னேன். சாய்ந்துகொண்டுதான் சொன்னேன். தப்பு என் கையால் நடந்தது என்பதை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டேன்.

திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, தாடையை வைக்கச் சொல்லி, உள்ளே ஒரு வீட்டுப் படத்தைப் பார்க்கச் சொன்னார்கள். வீடு கலங்கிக் கிடந்தது. இது ஏதோ பரீட்சை, தெரியவில்லை என்று சொன்னால் பெயிலாக்கி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்றாவதோடு படிப்பை நிறுத்தினவளுக்கு வேறு என்ன தோன்றும்? யாரும் கவனிக்காதபோது தலையை மெல்லச் சாய்த்தேன். வீடு தெளிந்தது. பாஸாகிவிட்டேன் என்று சந்தோஷம்.

டாக்டரம்மா சின்ன வயது. பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு கோளாறு. ஒண்ணு புரை. இன்னொண்ணு, கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருக்கணும். உங்களுது முட்டைய படுக்க வெச்ச மாதிரி இருக்கு. அதனாலதான் ஒரு பக்கம் போற கோடு தெரியுது, இன்னொரு பக்கம் போற கோடு கலங்குது. சிலிண்டர் பவர்னு சொல்லுவோம்."

"காஸ் சிலிண்டரே எனக்கு நேரத்துக்கு வரமாட்டேங்குது டாக்டரம்மா. இதுக்கு மானியம் உண்டா?"

அவர் சிரித்தார். அப்புறம் என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்ன வயசுக்காரர்களுக்கு லேசர் வைத்துக் கருவிழியின் வளைவைச் சரி பண்ணுவார்களாம். எனக்குப் புரை இருப்பதால் அதை எடுக்காமல் லேசர் வைத்துப் பிரயோஜனம் இல்லை. புரையை எடுத்துவிட்டுச் சாதாரண லென்ஸ் வைக்கலாம். அரசாங்கத் திட்டத்தில் இலவசம். ஆனால் முட்டை முட்டையாகவே இருக்கும், எப்போதும் கண்ணாடி போட வேண்டும். கருவிழி ஓரத்தில் சின்னதாகக் கீறி வளைவைத் தளர்த்தலாம். அது கொஞ்சமாகக் கோணல் உள்ளவர்களுக்கு. எனக்கு இருக்கிற கோணலுக்கு அது போதாது. இன்னொன்று, டோரிக் என்று ஒரு லென்ஸ். கண்ணில் இருக்கிற கோணலுக்கு எதிர்க்கோணல் அந்த லென்ஸிலேயே இருக்கும். சரியான திசையில் உட்கார வைத்தால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும்.

"திசை கொஞ்சம் திரும்பினாலும் பலன் கொறைஞ்சிடும். ரொம்பத் திரும்பினா மறுபடி கண்ணத் தொறந்து திருப்பி வெக்கணும். உங்களுக்கு இருக்கறது ஒரு கண்ணு. எப்பவோ யாரோ ஒருத்தருக்கு ஆபரேஷன் தப்பாப் போகும். அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா மாத்துக் கண்ணு கெடையாது. யோசிச்சு சொல்லுங்க. கண்ணாடி போட்டுக்கறதுன்னா சாதா லென்ஸே போதும், நான் வேணான்னு சொல்லமாட்டேன்."

கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற ஆள் நான். ஒருநாள் தேடாமல் ஊசியை எடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். டோரிக் என்றேன். அதற்காக என் இரண்டு ஆட்டையும் விற்றேன்.

கடைசியாக இன்னொன்று கேட்டார். "இந்த லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் நல்லாத் தெரியும். தூரம் வேணுமா, கிட்ட வேணுமா?"

"கிட்டத்தான். வூட்டுக்காரர் வயிறு எம்மாந்தூரமோ, அம்மாந்தூரம்."

"அப்போ தூரத்துல இருக்கறதுக்குக் கண்ணாடி போடணும். கோயிலுக்குப் போனா சாமி கலங்கலாத் தெரியும். பரவால்லயா?"

பெருமாளிடம் கண் கேட்டுவிட்டு, அவரைப் பார்க்காத கண்ணாகப் பார்த்து எடுக்கிறேனே என்று நினைத்தேன். பிறகு சொன்னேன். "சாமி ஊசி போட்டுக்கறது இல்ல. அவரு பொறுத்துப்பாரு."

புரட்டாசியில் நாள் குறித்தார்கள். கிளம்புகிற அன்று கோமளா ஓடி வந்து ஒரு மருந்துக் குப்பியைக் கையில் திணித்தாள். மலையிலிருந்து கொண்டுவந்த தீர்த்தமாம்.

"அத்தே, ஆபரேசனுக்கு முன்னால கண்ணுல ஒத்திக்கோ. டாக்டரு பாதி, பெருமாளு பாதி."

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டி, தலைக்குக் குல்லாய் போட்டு, மறுபடியும் ஒரு பெட்டிக்கு முன் உட்கார வைத்தார்கள். படுத்தால் கண் லேசாக உருண்டு திசை மாறுமாம். அதனால் உட்கார்ந்திருக்கும்போதே கருவிழி ஓரத்தில் நீல மையால் புள்ளி வைத்தார்கள். அந்தப் புள்ளியை வைத்துத்தான் லென்ஸின் திசை. அப்போதும் பழக்க தோஷம், கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தேன். புள்ளி வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்தேன். இடுப்புச் சுருக்குப்பையில் குப்பி இருந்தது. கோயிலில் தீர்த்தம் வாங்கினால் நாம் என்ன செய்வோம்? குடித்துவிட்டு, ஈரக் கையைக் கண்ணில் ஒற்றி, தலையில் துடைப்போம். அறுபது வருஷப் பழக்கம். அதைத்தான் செய்தேன். ஒற்றினது போதவில்லை என்று இமையை விரித்து இரண்டு சொட்டும் விட்டேன். கோவிந்தா என்று தேய்த்தேன்.

நர்சம்மா பார்த்துவிட்டாள். "அய்யய்யோ! ஏம் சேசினாவு அவ்வா! இன்னா பண்ணிட்ட பாட்டி!" என்று ஓடி வந்தாள். என் விரலெல்லாம் நீல மை. அவள் போட்ட சத்தத்தில் பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது. எந்தத் தண்ணீர், எப்போது பிடித்தது, கண்ணுக்குள் கிருமி போனால் இருக்கிற ஒரு கண்ணும் அழுகிவிடும் தெரியுமா என்று தெலுங்கில் பாதி, தமிழில் பாதி திட்டினாள். டாக்டரம்மா வந்தார். அவர் திட்டவில்லை. "இன்னிக்கு ஆபரேஷன் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

சேகருக்குப் போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அப்பாவுடைய துணிமணியைப் பையில் போட்டான். இவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு இரண்டு பேராகத் தெரிந்தார். இரண்டு பேரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? "உன் தண்ணிதானே? உன் தண்ணியால நாசமாப் போனேன்" என்று சொன்னேன். விளக்கும் ஏற்றவில்லை. யாருக்காக ஏற்றுவது, கோடு தெரியாத ஊசிக்கா?

மூன்று வாரம் கழித்து லட்சுமி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலிலிருந்து எல்லாம் மறுபடி அளந்தார்கள். இந்த முறை அளக்க வந்தவள் அதே நர்சம்மா. என்மேல் கோபம் ஆறவில்லை. என் ஒவ்வொரு அசைவையும் திருடியைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். நான் மெல்லச் சாய்ந்ததும் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"அவ்வா! நேருகா கூச்சோ! நேரா ஒக்காரு!"

மறுபடி சாய்ந்தேன். மறுபடி நிமிர்த்தினாள். மூன்றாவது முறை அவளுக்குச் சந்தேகம் வந்தது. "போன வாட்டியும் இப்டித்தான் சாஞ்சியா?" என்றாள். அவள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"அம்மா, அன்னிக்கு ஆபரேஷன் பண்ணியிருந்தா லென்ஸ் கோணலா உக்காந்திருக்கும். இவ்ளோ பாடுபட்டும் கோடு கோடாத் தெரிஞ்சிருக்காது. அளவு தப்பு. நாங்களும் பாத்திருக்கணும், பாக்கல. ஏம்மா சாஞ்சீங்க?"

"பாஸாகணும்னு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தப்பான புள்ளியைத் தண்ணீர் அழித்திருக்கிறது. சரி, அது பெருமாள் செய்த உபகாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் முதல் நாளே தெரியவில்லை என்று சொல்லி நேராக உட்கார்ந்திருந்தால் அவருக்கு இந்த வேலையே இல்லை. என் வீட்டுக்காரரும் வீட்டை விட்டுப் போயிருக்க மாட்டார். இந்தக் கணக்கை எப்படிப் பார்த்தாலும் என் பக்கம்தான் இடிக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. மறுநாள் மூடியை எடுத்ததும் முதலில் தெரிந்தது நர்சம்மாவின் மூக்குத்தி. மூன்று சிவப்புக் கல். அன்று திட்டும்போது முகமெல்லாம் ஒரே நெருப்பாகத் தெரிந்ததே, இவ்வளவுதானா என்றேன். அவள் முதல் முறையாகச் சிரித்தாள். பல் வரிசை ஒன்றுதான். இரண்டு இல்லை.

ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, குனியாமல் நிமிராமல் தனியாகக் கிடந்தேன். பிறகு பழைய ஊசி ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். தலையை நேராக வைத்தேன். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, சீப்புப் பல் மாதிரி நின்றது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். படத்தை முன்பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்த ஊசியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி நாயுடுபேட்டைக்குப் போனேன். சேகர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஊசியை நிமிர்த்திப் பிடித்து, சாயாமல் நின்று, பத்தாவது கோடு, பதினைந்தாவது கோடு, இருபதாவது கோடு என்று காட்டினேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் அப்படி ஒப்பித்ததில்லை.

சேகர் தரையைப் பார்த்தான். "இப்ப ஊசி இல்லம்மா. பேனா குடுத்துட்டாங்க."

"இன்னா பேனா?"

என் வீட்டுக்காரர் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். பின்பக்கத்தைத் திருகினார். கிளிக், கிளிக், கிளிக். ஒரு கிளிக்குக்கு ஓர் அளவு. இருபது கிளிக். சட்டையைத் தூக்கித் தானே குத்திக்கொண்டார். கண்ணைக்கூட மூடவில்லை. முள் அவ்வளவு சின்னது.

கண்ணே வேண்டாம். காது இருந்தால் போதும்.

"எப்பொ குடுத்தாங்க?"

"இங்க வந்த மொத வாரமே."

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ கண்ண அப்டியே வுட்டுடுவ, அதான்" என்றான். உண்மையாகவும் இருக்கலாம். மறந்துபோனதற்கு அப்போது கண்டுபிடித்த சாக்காகவும் இருக்கலாம். அவன் முகத்தில் இருந்த மருவின் முடிகூடத் தெரிந்தது. அது மட்டும் தெரியவில்லை.

ஊசியை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன். கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போது இவர் ஊன்றுகோலைத் தேடினார். "இரு, நானும் வரேன். இங்க மாடியில கட்டிப்போட்ட மாடு மாதிரி கீது" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்க வாங்க, இனிமே பாருங்க, ஒரு கோடு தப்பாது, நானே..." என்று ஆரம்பித்தேன்.

"வாணா. நானே போட்டுக்கறேன்."

"இப்பதான் கண்ணு நல்லாயிடுச்சே?"

"கண்ணு நல்லாயிடுச்சி. கை அதே கைதானே?"

கத்தவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆடி மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். வாயாடி நான், பஸ்ஸில் பிச்சாட்டூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் தினமும் காலையில் அவர் சட்டையைத் தூக்கும்போது நான் பார்ப்பேன். அவர் வயிறு பூராவும் கருப்புக் கருப்பாகத் தழும்பு. கண் தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நான் குத்தின குத்து. கட்டி கட்டியாக நிற்கிறது. அத்தனை வருஷமும் வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. எனக்குக் கிட்டப் பார்வை வேண்டும் என்று கேட்டு வாங்கினேன் பாருங்கள், அது இதைப் பார்க்கத்தான்.

தை மாதம் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். வெள்ளிக் கண் வாங்கப் போனால் ஒற்றையாகத் தரமாட்டேன் என்கிறான் கடைக்காரன். ஜோடியாகத்தான் விற்பானாம். இரண்டையும் உண்டியலில் போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று பெருமாளுக்கு. அவருக்கும் தேவை. உள்ளே போனால், தூரத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், நாமம் அவருடைய இரண்டு கண்ணையும் மறைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவரிடமா நான் கண் கேட்டேன்? சுற்றிலும் கோவிந்தா, கோவிந்தா என்று கூரை இடிகிறது. எனக்கு வாயே வரவில்லை. ஜருகண்டி, ஜருகண்டி என்று தள்ளிவிட்டார்கள். நகர்ந்து வந்துவிட்டேன்.

மாசியில் ஒரு காலை. இவர் கட்டிலில் உட்கார்ந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். கிளிக், கிளிக். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் லாரி வந்து ஹாரனை அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பேனாவின் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் உண்டு. அதில் எண் தெரியும். இவர் அதைக் கிட்ட வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. காது லாரி ஓட்டின காலத்திலேயே மந்தமாயிற்று, கண்ணும் முன்னைப் போல இல்லை.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இவர் என் பக்கம் திரும்பாமல் பேனாவை மட்டும் நீட்டினார்.

"எத்தினி கீது பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். நிமிர்த்திப் பிடித்தேன். நேராக உட்கார்ந்தேன்.

"இருவத்தி நாலு கீது. நாலு அதிகம்."

திரும்ப வாங்கிப் பின்னால் நான்கு திருகினார். மறுபடி நீட்டினார். "இப்பொ?"

"இருவது."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சட்டையைத் தூக்கி, குத்தி, அமுக்கினார்.

இதோ, இங்கேதான். போட்டுக்கொள்ளுங்கள் உங்கள் கோவிந்தாவை. நான் அன்றைக்கு அரிசி முறத்துக்கு முன்னால் தனியாகப் போட்டுவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் எண்ணைப் பார்த்துச் சொல்கிறவள் நான். போட்டுக்கொள்கிறவர் அவர்தான். அந்த நேரத்தில் வாசலில் யார் வந்து என்ன கதை சொன்னாலும் நான் வாயைத் திறப்பதில்லை. கோழி ஆயா ஊமை ஆயா ஆகிவிட்டாள் என்கிறார்கள். ஐந்து நிமிஷம்தான், அப்புறம் வட்டியோடு பேசிவிடுகிறேன். கேட்டதைப் பெருமாள் கொடுத்தார். நான் நினைத்த மாதிரி கொடுக்கவில்லை. இனிப்பாகவும் கொடுக்கவில்லை. ஆனாலும் விளக்கு ஏற்றுகிறேன். சுடர் ஒன்றுதான் எரிகிறது.

அவர் முதன்முதலில் பேனாவை என்னிடம் நீட்டின அன்று சாயந்திரம் தெருக்குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். கோமளாவும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். "இன்னா அத்தே, பெருமாளு கண்ணத் தொறந்துட்டாரு. எல்லாம் என் தீர்த்தம்" என்றாள் கோமளா.

குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்துவிட்டு அவர்களிடம் சொன்னேன். "அந்த ஆடி சனிக்கெழம அவரு வெரதம் இல்லடி. நாலு இட்லி துன்னாரு. உன்ன சிரிக்க வெச்சிகினே நான்தான் மருந்த அதிகமா இழுத்துட்டேன்."

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை.

"உன் தீர்த்தம் நல்ல தீர்த்தம்தான் கோமளா. குடிங்க, தலையில தெளிச்சிக்கோங்க, கண்ணுல மட்டும் வுடாதீங்க. அவருகிட்ட எது வேணும்னாலும் கேளுங்க. ஆனா நேரா ஒக்காந்துகினு கேளுங்கடி. நான் சாஞ்சிகினு கேட்டேன், அவரு ரெண்டு வாட்டி அளக்க வேண்டியதாப் போச்சி."